யார் கூற்று?

சங்க அகப்பாடல் ஒன்றை எடுத்ததும் தமிழ் வகுப்பில் எழும் முதல் கேள்வி: இது யார் கூற்று? தலைவி பேசுகிறாளா, தோழியா, செவிலியா, வழியில் பார்த்தவர்களா? பேசுபவர் மாறினால் அதே சொற்களின் பொருளும் மாறிவிடும். இரவில் வராதே, வழி பொல்லாதது என்று தலைவி சொன்னால் அது அச்சம். தோழி சொன்னால் திருமணத்துக்கு நெருக்கும் தந்திரம். தொல்காப்பியத்தின் செய்யுளியல் கூற்றையும் கேட்போரையும் செய்யுள் உறுப்புகளாகவே எண்ணுகிறது. யார் சொல்கிறார், யார் காதில் விழுகிறது என்று தெரியாமல் ஒரு சொல்லுக்கும் முழுப் பொருள் சொல்ல முடியாது என்பது நம் பழைய இலக்கணம் கண்ட முடிவு.

இந்தக் கேள்வியை மேலாண்மைக் கல்வியின் நூல்களிடம் கேட்டுப் பார்க்கிறேன். தமிழ் படித்தவளுக்கு அங்கே என்ன வேலை என்று தோன்றலாம். எம்.பி.ஏ. வகுப்புகளில் நம் பெண்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நாளை ஒரு தோட்டத்தையோ தையல் ஆலையையோ மருத்துவமனையையோ நடத்தப் போகிறவர்கள் அவர்கள். யாரிடம் அறிவு இருக்கிறது, யாரிடம் வெறும் கை இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நூல்களை இலக்கியம் படிப்பவர்கள் படிக்காமல் விடக்கூடாது. கதை, பாத்திரம், கதைசொல்லி, விடுபடல் எல்லாம் அவற்றிலும் உண்டு.

அந்நூல்களில் 'நிறுவனக் கற்றல்' என்றொரு பெரும்பகுதி இருக்கிறது. ஒரு நிறுவனம் எப்படிக் கற்கிறது, தொழிலாளியின் கையில் இருக்கும் அறிவு எப்படி நிறுவனத்தின் சொத்தாகிறது, அதை மற்றவர்க்கு எப்படிக் கடத்துவது என்பவை அதன் கேள்விகள். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வரும் காப்பித் தோட்டங்களில் ஒரு பெண்ணின் கூலியைத் தீர்மானிப்பதும் இதே கேள்விகள்தான்.

*

மேலாண்மைப் பாடநூல் எதைத் திறந்தாலும் ஹாத்தார்ன் ஆய்வுகள் இருக்கும். சிகாகோவை ஒட்டிய சிசரோவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்துக்கு ஹாத்தார்ன் என்ற ஆலை இருந்தது. 1927இல் அங்கே தொலைபேசி ரிலேக்களைப் பொருத்தும் இளம்பெண்கள் சிலரைத் தனி அறையில் அமர்த்தினார்கள். ஓய்வு நேரத்தையும் வேலை நேரத்தையும் மாற்றி மாற்றி, உற்பத்தி கூடுகிறதா குறைகிறதா என்று ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பார்த்தார்கள். தொழிலாளியிடம் அக்கறை காட்டினால், அவரைக் கவனித்துக் கேட்டால், உற்பத்தி உயரும் என்ற பாடம் இங்கிருந்து பிறந்தது. எல்டன் மேயோவின் பெயரோடு சேர்ந்து அது 'மனித உறவுகள்' பள்ளியாக வளர்ந்தது.

பாடநூல் சுருக்கங்களில் பெரும்பாலும் விடுபடுவது ஒன்று உண்டு. 1928 ஜனவரியில் அந்த அறையிலிருந்து இரண்டு பெண்கள் விலக்கப்பட்டார்கள். வேலை நேரத்தில் அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்பது அவர்கள்மேல் சொல்லப்பட்ட குறை. அவர்கள் இடத்தில் வேறு இருவர் வந்தார்கள், உற்பத்தி ஏறியது. தொழிலாளியின் பேச்சைக் கேட்கச் சொல்லிக்கொடுக்கும் கோட்பாடு, பேசிய இருவரை வெளியே அனுப்பிவிட்டு எழுந்தது.

அதே ஆலையில் 1931–32இல் இன்னோர் அறையில் 14 ஆண்களை வைத்து ஆய்வு நடந்தது. அந்த ஆண்கள் தங்களுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, உற்பத்தி ஓர் அளவுக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொண்டார்கள். அங்கே ஆய்வாளர் தலையிடவில்லை, குறிப்பெடுத்துக்கொண்டார். அந்தக் குறிப்புகள் 'முறைசாராக் குழுவின் நெறி' என்ற பெயரில் கோட்பாடாயின. 1974இல் ஜோன் ஆக்கரும் டொனால்ட் வான் ஹூட்டனும் இவ்விரு அறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்கள். ஒன்றில் பெண்கள், அவர்களை நெருங்கிக் கண்காணிக்கும் ஆண்கள்; மற்றதில் தம் போக்கில் விடப்பட்ட ஆண்கள். இரண்டையும் 'தொழிலாளர்' என்ற ஒரே சொல்லால் மூடியதால் என்ன மறைந்தது என்பதை அவர்கள் காட்டினார்கள்.

கூற்றை மறைப்பது அட்டையிலிருந்தே தொடங்குவதும் உண்டு. மேலாண்மையின் உளவியல் பற்றிய தொடக்க நூல்களில் ஒன்றை 1914இல் எழுதிய லில்லியன் கில்பிரெத்தின் பெயர் எல்.எம். கில்பிரெத் என்றே அச்சாயிற்று. எழுதியவர் பெண் என்பது வாசகருக்குத் தெரிய வேண்டாம் என்று பதிப்பகம் நினைத்தது.

*

ஹாத்தார்னுக்குப் பிறகு அறுபது ஆண்டுகள் கழிந்தன. பேச்சைப் பற்றிய பார்வை மாறியது. ஜெராக்ஸ் நிறுவனத்தில் நகல் எடுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர்களோடு சுற்றித் திரிந்தார் மானிடவியலாளர் ஜூலியன் ஆர். கம்பெனி கொடுத்த கையேட்டில் தீர்வு இல்லாத பழுதுகளை அவர்கள் காலை உணவின்போதும் காப்பிக் கடையிலும் ஒருவருக்கொருவர் கதையாகச் சொல்லிச் சொல்லித் தீர்ப்பதை அவர் கண்டார். அவரது நூல் 1996இல் வந்தது. அதற்கு முன்பே, 1991இல், ஜான் சீலி பிரவுனும் பால் டுகுயிடும் அவருடைய களக்குறிப்புகளை வைத்து நிறுவனக் கற்றல் பற்றி எழுதிய கட்டுரை வகுப்புகளில் கட்டாய வாசிப்பாயிற்று. வெட்டிப் பேச்சாகத் தெரிவதில்தான் தொழிலறிவு குடியிருக்கிறது என்பது அதன் சாரம்.

ஆர் எழுதியது அருமையான நூல், அதில் எனக்கு ஐயமில்லை. கருவியும் பையுமாக அலையும் பழுதுபார்ப்பவர்கள், பெரும்பாலும் ஆண்கள், பேசியபோது பேச்சு அறிவாயிற்று. ரிலே பொருத்திய பெண்கள் பேசியபோது அது ஒழுங்கீனமாக இருந்தது. காலம் மாறியதால் மட்டும் வந்த வேறுபாடா இது? நம் மொழியிலேயே பாருங்கள். ஆண்கள் டீக்கடையில் பேசினால் அரசியல், திண்ணையில் பேசினால் பஞ்சாயத்து. பெண்கள் குழாயடியில் பேசினால் வம்பு.

இன்னொரு புகழ்பெற்ற கதை ஜப்பானுடையது. 1980களில் மாட்சுஷிடா நிறுவனம் வீட்டில் ரொட்டி சுடும் இயந்திரம் ஒன்றை உருவாக்க முயன்றது. மாவு சரியாகப் பிசைபடவில்லை. இக்குக்கோ தனாகா என்ற மென்பொருள் வல்லுநர் ஒசாகாவின் ஓர் ஓட்டலில் தலைமை ரொட்டிக்காரரிடம் வேலை பழகச் சென்றார். அவர் மாவை இழுத்துத் திருகும் விதத்தைக் கண்டுகொண்டார். அந்த அசைவு இயந்திரத்துக்குள் போயிற்று. இக்குஜிரோ நோனாகா 1991இலும், பிறகு ஹிரோடாகா டகேயுச்சியோடு சேர்ந்து 1995இலும் இதை எடுத்துக்காட்டாக்கினார். கையில் இருக்கும் சொல்லப்படாத அறிவைச் சொல்லாக்கி, சொல்லைப் பொருளாக்கி, நிறுவனம் கற்கிறது என்பது அவரது கோட்பாடு. சொல்லப்படாத அறிவு என்ற கருத்து 1966இல் மைக்கேல் போலன்யி எழுதிய நூலிலிருந்து வந்தது.

கதையின் நாயகி ஒரு பெண் என்பதால் மாணவிகள் இதை விரும்பிப் படிக்கிறார்கள். விரும்பட்டும். அதோடு ஒன்றையும் கவனிக்கட்டும். அந்த ரொட்டிக்காரர் ஏற்கெனவே பெரிய ஓட்டலின் 'தலைமை' ஆள். தேடிப் போய்க் கற்கத் தகுந்தவர் என்று ஊர் ஒப்புக்கொண்ட கை அது. அறிவு சொல்லப்படாமல் இருந்தாலும் அந்தஸ்து முன்பே சொல்லப்பட்டாயிற்று. அந்தஸ்து இல்லாத கையிடம் வேலை பழக எந்த நிறுவனம் ஆள் அனுப்பியிருக்கிறது?

*

ஏற்காட்டுக்கு வருவோம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பது ஊர் வரலாற்றின் முதல் வரி. சுற்றுலாக் கையேடுகளிலும் அவர் பெயர் உண்டு. காட்டை வெட்டியவர்கள், நாற்று நட்டவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. மலையின் பழைய குடிகள் மலையாளிகள். கேரளத்தோடு அவர்களை இணைக்க வேண்டாம். தமிழ் பேசும் பழங்குடியினர். தங்கள் சாமை, கேழ்வரகுக் கொல்லைகளைச் சுற்றித் தோட்டங்கள் எழுவதைக் கண்ட அவர்கள் பிறகு அவற்றிலேயே கூலிக்கும் போனார்கள்.

தோட்டம் என்பது மேலாண்மைக்குப் புறம்பான இடம் என்றுதான் நெடுங்காலம் எழுதப்பட்டது. மேலாண்மை அமெரிக்க ரயில் கம்பெனிகளில் பிறந்தது என்பது வழக்கமான வரலாறு. 2003இல் பில் குக் என்ற ஆய்வாளர் இதை மறுத்தார். அந்த ரயில் காலத்தில், 1860இல், அமெரிக்காவில் 40 இலட்சம் அடிமைகளை 38,000 மேலாளர்கள் நிர்வகித்துக்கொண்டிருந்தார்கள். இதை மேலாண்மை வரலாற்றிலிருந்து விலக்கியது தற்செயல் அல்ல என்றார். ஏற்காட்டின் கதை அதுவல்ல. ஆனாலும் ஆளைக் கூட்டி வரிசையில் நிறுத்துவது, வேலையைப் பங்கிடுவது, எடை போட்டுப் பெயருக்கு நேரே எழுதுவது, மேஸ்திரி, ரைட்டர், மேனேஜர் என்று படிப்படியாகக் கண்காணிப்பது எல்லாம் தோட்டத்துக்கு நன்றாகத் தெரிந்தவை. வகுப்பறைகள் வந்தது பின்னால். பெங்களூரில் தோட்ட மேலாண்மைக்கென்றே தனி நிறுவனம் 1993இல் தொடங்கப்பட்டது.

இன்று வார இறுதிகளில் ஏற்காட்டு விடுதிகளில் தலைமைப் பண்புப் பயிற்சி நடக்கிறது. கம்பெனி பெயர் அச்சிட்ட பனியன் போட்டவர்கள் கயிறு இழுத்தும் பந்து எறிந்தும் 'குழுவாகக் கற்பது' எப்படி என்று பழகுகிறார்கள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், நவம்பரிலிருந்து ஜனவரி வரையான பருவமாக இருந்தால், சில்வர் ஓக் நிழலில் பெண்கள் பழம் பறித்துக்கொண்டிருப்பார்கள். இடுப்பில் சாக்கு, தலையில் துண்டு. அவர்களும் குழுவாகத்தான் நிற்கிறார்கள்.

பழம் பறிப்பு திறன் தேவைப்படாத வேலை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பார்ப்போம். அராபிகாச் செடியில் பழம் ஒரே நாளில் கனிவதில்லை. ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள் தட்டியது, சிவந்தது, கறுத்துக் காய்ந்தது நான்கும் இருக்கும். கிளை முறியாமல் சிவந்ததை மட்டும் எடுக்க வேண்டும். எந்தச் செடிக்கு எத்தனை நாளில் திரும்பி வருவது என்பது நினைவில் இருக்க வேண்டும். பச்சை கலந்தால் கோப்பையில் சுவை கெடும்.

பழத்தின் தொப்புளில் ஊசி குத்தியதுபோல் துளை இருந்தால் உள்ளே காய்த்துளைப்பான் வண்டு. 1990இல் கூடலூர்ப் பக்கம் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இந்தப் பூச்சிக்கு முக்கியமான தடுப்பு, செடியிலும் தரையிலும் ஒரு பழம் விடாமல் எடுப்பது. பருவம் முடிந்தபின் குனிந்து உதிர்ந்த பழம் எடுக்கும் பெண் செய்வது பூச்சிக் கட்டுப்பாடு. வழக்கில் அதன் பெயர் பொறுக்குதல். தண்டைத் துளைக்கும் புழு இன்னொன்று. அது உள்ளே இருந்தால் பட்டையில் வரிவரியாகத் தடிப்பு ஓடும். விரலால் தடவித் தெரிந்துகொண்டு, அந்தச் செடியைப் பிடுங்கி எரித்தால்தான் பக்கத்துச் செடிகள் பிழைக்கும். வெயில் நேராக விழும் இடத்தில் அது அதிகம் வரும். ஆகவே நிழல் மரத்தைக் கவாத்து பண்ணும் கணக்கும் இந்த அறிவோடு சேர்ந்தது.

இதெல்லாம் எப்படிக் கற்கப்படுகிறது? புதிதாக வேலைக்கு வரும் மருமகளை அத்தை தன் பக்கத்து வரிசையில் நிறுத்திக்கொள்கிறாள். பாடம் என்று ஒன்று நடப்பதில்லை. அந்தக் கொத்தை விடு, நாலு நாள் போகட்டும் என்பாள். அடுத்த மூச்சில் ரேஷன் கடைக் கதை, குழுக் கடன், யார் வீட்டுப் பெண் சமைந்தாள் என்பது. எது தொழில், எது வம்பு என்று இதைப் பிரிக்க முடியாது. ஜெராக்ஸ்காரர்களின் பேச்சையும் பிரிக்க முடியாமல்தான் இருந்தது. அங்கே ஆய்வாளர் வந்து உட்கார்ந்தார். இங்கே 'வாயைக் குறை, கையை ஓட்டு' என்ற அதட்டல் வருகிறது.

*

ஆய்வாளர் இங்கே வரவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வருகிறார்கள், வினாநிரலோடு.

மேலாண்மைத் துறை ஆய்வு மாணவர்கள் வினாநிரலைத் தமிழாக்கித் தரும்படி என்னிடம் வருவதுண்டு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே ஐந்து கட்டங்கள்: முழுமையாக உடன்படுகிறேன் என்பதிலிருந்து முழுமையாக மறுக்கிறேன் என்பது வரை. ரென்சிஸ் லைக்கர்ட் 1932இல் வகுத்த அளவுகோல் இது. 'புதியன கற்க என் நிறுவனம் எனக்கு ஊக்கமளிக்கிறது' என்பது ஒரு வாக்கியம். இதைத் தமிழாக்குவது எளிது, எந்தத் தமிழ் என்பதுதான் சிக்கல். தோட்டத்தில் வேலை பார்ப்பவருக்கு நிறுவனம் என்பது யார்? முதலாளியா, மேனேஜரா, தன்னை வரிசையில் நிறுத்தும் மேஸ்திரியா?

ஒரு மாணவியிடம், இதைத் தொழிலாளர்களுக்கு யார் வாசித்துக் காட்டுவார்கள் என்று கேட்டேன். "நான்தான் மேடம். கூட சூப்பர்வைசர் நிப்பாரு. அவர் சொன்னாத்தான் வந்து உக்காருவாங்க" என்றாள். கூற்று தொழிலாளியினுடையது, கேட்போர் சூப்பர்வைசர். அந்த இடத்தில் வரும் 'முழுமையாக உடன்படுகிறேன்' என்பதற்கு என்ன பொருள் என்று முதலாண்டு தமிழ் மாணவிகூடச் சொல்லிவிடுவாள். ஆனால் அந்தக் கட்டம் விழுக்காடாகும். விழுக்காடு அட்டவணையாகும். இறுதியில் 'தொழிலாளர்களுக்கு விழிப்புணர்வுப் பயிற்சி அளிக்கலாம்' என்ற பரிந்துரை எழுதப்படும்.

அவளுடைய அம்மாவும் இதே மலையில் பழம் பறிப்பவர். அம்மாவிடம் கேட்டாயா என்றேன். "கேட்டேன் மேடம். அம்மா ஒரு மணி நேரம் பேசுச்சு. அதை எந்தக் கட்டத்துல போடுறது?"

அவள் கேட்டது முறையியல் பற்றிய கேள்வி. அவளைக் குறைசொல்வதற்கு எதுவும் இல்லை. ஆய்வேட்டின் வடிவம் முன்பே தீர்மானிக்கப்பட்டது. அவளுக்குக் கிடைத்த காலமும் குறைவு. தன் வீட்டில் இருக்கும் அறிவை ஆய்வாக எண்ண வேண்டாம் என்று அந்த வடிவமே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. நிறுவனக் கற்றலைப் பற்றிய கல்வி முதலில் கற்பித்தது இதைத்தான்.

வேறு வழி இல்லாமல் இல்லை. ஜீன் லேவும் எட்டியன் வெங்கரும் 1991இல் எழுதிய நூல், வேலையில் பங்கெடுப்பதே கற்பது என்று வாதிடுகிறது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டவர்களில் மெக்சிகோவின் யுகடான் பகுதி மாயா மருத்துவச்சிகளும் உண்டு. பாட்டியோடும் அம்மாவோடும் போய்ப் போய்ப் பழகிய பெண்கள். அவர்களைப் பற்றிய களஆய்வு பிரிகிட்டே ஜோர்டன் செய்தது. அரசு அவர்களுக்கு நடத்திய பயிற்சி வகுப்புகளையும் ஜோர்டன் பார்த்தார். மருத்துவர்களின் சொற்களில் பேச அவர்கள் அங்கே பழகிக்கொண்டார்கள். ஊருக்குத் திரும்பியபின் வேலை பழையபடியே நடந்தது. நம் விழிப்புணர்வுப் பயிற்சிகளுக்கும் இது பொருந்தும் என்பது அவற்றில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

தமிழிலும் ஒரு முன்னோடி இருக்கிறார். ராஜம் கிருஷ்ணன் எந்த மேலாண்மைத் துறையிலும் இல்லை. தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய், தொழிலாளர்களோடு இருந்து, கேட்டு, 1979இல் 'கரிப்பு மணிகள்' எழுதினார். உப்பு எப்படி விளைகிறது என்பதும், அதை விளைவிக்கும் பெண்ணின் கால் எப்படிப் புண்ணாகிறது என்பதும் அவருக்கு ஒரே செய்தி. அதைப் புனைவு என்று தள்ளி வைத்துவிட்டு, ஐந்து கட்டங்களை அறிவியல் என்கிறோம்.

*

நோனாகாவின் சொல்லுக்குத் தமிழில் 'உள்ளுறை அறிவு' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு இந்தச் சொல்லில் நின்று யோசிக்க ஒரு காரணம் உண்டு. நம் கவிதையியலில் உள்ளுறை வேறொன்று. தோழி மலையையும் குரங்கையும் தினையையும் பற்றிச் சொல்வதுபோல் சொல்வாள். தலைவனின் நடத்தையைப் பற்றித்தான் பேசுகிறாள். அவளுக்கு அது தெரியும், புரிந்துகொள்ள வேண்டியவனுக்கும் புரியும், பக்கத்தில் நிற்கும் மற்றவர்க்கு அது மலையைப் பற்றிய பேச்சு மட்டுமே. அதாவது உள்ளுறையில் பேசுபவளுக்கு முழு அறிவு உண்டு. யாருக்கு எவ்வளவு சொல்வது என்று அவள் முடிவெடுக்கிறாள்.

மேலாண்மை நூல்களின் சொல்லப்படாத அறிவில் அந்த முடிவு தொழிலாளியிடம் இல்லை. தன்னிடம் என்ன இருக்கிறது என்று தெரியாத கை, அதைக் கண்டெடுத்துச் சொல்லாக்கும் வல்லுநர் என்று இரண்டு பாத்திரங்கள் மட்டுமே. தோட்டத்துப் பெண்ணுக்குச் சொல்லத் தெரியவில்லை என்று நான் நம்பவில்லை. மருமகளிடம் சொல்கிறாள், மகளிடம் ஒரு மணி நேரம் சொல்கிறாள். மேலே சொல்வதில்லை, அவ்வளவுதான். வேகமாகப் பறிக்கும் உத்தி மேலே தெரிந்தால் நாளை எல்லோருக்கும் அதுவே அன்றாட அளவாகிவிடும். ஹாத்தார்னின் 14 ஆண்கள் உற்பத்தியைக் கட்டுக்குள் வைத்ததும் இதே அறிவினால்தான். அவர்களுடையதை ஆய்வாளர் உத்தி என்று படித்தார். பெண்ணின் வாய்மூடலை அறியாமை என்று படிப்பது ஏன்?

நம் இலக்கிய மரபையும் இங்கே விட்டுவிட வேண்டாம். தினைப்புனம் காக்கும் குறிஞ்சிப் பெண்ணை எத்தனை பாடல்களில் படித்திருக்கிறோம். எந்தக் கதிர் முற்றியது, கிளி எப்போது இறங்கும், தட்டையை எப்போது அடிப்பது என்று அவளுக்குத் தெரியும். நாம் அதையெல்லாம் காதலின் பின்னணியாகவே பெரும்பாலும் உரை சொல்லி வந்தோம். மலையில் வேலை செய்யும் பெண்ணின் தொழிலறிவைக் காணாமல் விடுவது மேலாண்மைத் துறை தொடங்கிவைத்த பழக்கம் இல்லை.

*

மேலே சொல்லாதவர்கள் ஒருநாள் சேர்ந்து சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு நம் காலத்திலேயே ஒரு சான்று உண்டு. மூணாறில் டாடா டீ 2005இல் தோட்ட நிர்வாகத்திலிருந்து விலகியபின், தொழிலாளர்களும் பங்கு வைத்திருக்கும் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் உருவாயிற்று. பங்கேற்பு மேலாண்மைக்கு முன்மாதிரி என்று அது பேசப்பட்டது. 2015 செப்டம்பரில், போனஸ் குறைக்கப்பட்டபோது, அந்தப் பங்குதாரர்களில் பெரும்பகுதியான பெண்கள், தமிழ்ப் பெண்கள், தலித் பெண்கள், தெருவில் உட்கார்ந்தார்கள். 20 விழுக்காடு போனஸ் கேட்டார்கள். 232 ரூபாய் நாட்கூலியை 500 ஆக்கக் கேட்டார்கள். தொழிற்சங்கங்களின் ஆண் தலைவர்களைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. பெம்பிளை ஒருமை என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாள் போராட்டத்தின் முடிவில் 8.33 விழுக்காடு போனஸும் 11.67 விழுக்காடு கருணைத் தொகையும் சேர்த்து 20 கிடைத்தது. கூலி 500 ஆகவில்லை. பின்னர் நடந்த பேச்சுவார்த்தையில் 301 ரூபாய் என்று முடிவாயிற்று.

கிறிஸ் ஆர்கிரிஸும் டொனால்ட் ஷோனும் 1978இல் கற்றலை இரண்டாகப் பிரித்தார்கள். தவறைத் திருத்துவது ஒன்று. அந்தத் தவறு நேரும்படி விதியை வகுத்தது எது என்று கேட்பது இரண்டாவது. இரண்டாவதுதான் அரிது, உயர் நிர்வாகிகளுக்கே வசப்படாதது என்பது வகுப்புகளில் சொல்லப்படும் செய்தி. மூணாற்றுப் பெண்கள் போனஸ் எவ்வளவு என்பதோடு நிற்கவில்லை. எங்கள் சார்பில் பேசியவர் யார், எந்த மேசையில், யாரைக் கேட்டு என்றார்கள். இரண்டாம் வகைக் கற்றலுக்கு இதைவிடத் தெளிவான பாடம் இருக்க முடியாது. அவர்கள் கேட்டதும் 'யார் கூற்று' என்பதுதான்.

*

இதெல்லாம் நூலாராய்ச்சியோடு முடிந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். 1976இன் சம ஊதியச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்றது. ஒரே வேலை எது என்பதற்குத் திறன், உழைப்பு, பொறுப்பு மூன்றையும் அளவாக வைத்தது. 2019இன் ஊதியச் சட்டத் தொகுப்பு அவற்றோடு அனுபவத்தையும் சேர்த்தது. மிளகுக்காக ஏணியில் ஏறுவது, மருந்து அடிப்பது போன்ற ஆண்களின் வேலைகளில் திறன் கண்ணுக்குத் தெரிகிறது. பழம் பறிப்பில் எது திறன், எது அனுபவம், எது பொறுப்பு என்று எழுதி வைத்தவர் யார்? எழுதப்படாததைச் 'சொல்லப்படாத அறிவு' என்று கோட்பாடு பாராட்டும்; கூலிப் பட்டியல் அதற்குக் காசு தராது.

தோட்டத்துப் பெண் ஓர் இக்கட்டில் நிற்கிறாள் என்பதை மறைக்க வேண்டாம். தெரிந்ததைச் சொன்னால் வேலைப்பளு கூடலாம். சொல்லாவிட்டால் திறனற்றவள் என்ற பெயர் நீடிக்கும். வெளியிலிருந்து போகும் நாம் இதற்குத் தீர்வு சொல்ல முடியாது. எப்போது, யாரிடம், எவ்வளவு சொல்வது என்பது அவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டியது. நாம் செய்யக்கூடியது, அவர்கள் பேசும்போது சூப்பர்வைசர் நிற்காத இடத்தில் உட்காருவது. சொன்னதை அவர்கள் சொல்லிலேயே எழுதுவது. இது வெளியே போகலாமா என்று கேட்பது. போகக்கூடாது என்றால் விட்டுவிடுவது.

ஆய்வு செய்யப் போகும் மாணவிகளுக்கு முறையியல் அதிகாரத்தில் ஒரு பத்தி கூடுதலாகக் கேளுங்கள் என்று சொல்வேன். யார் சொன்னது, யார் அருகில் இருந்தபோது சொன்னது என்று அதில் எழுதுங்கள். எழுதி முடித்ததும் மலைக்குத் திரும்பிப் போய், பழம் பறிப்பவரிடம் அந்தப் பக்கங்களை வாசித்துக் காட்டுங்கள். "இது தப்பும்மா, அப்படி இல்லை" என்று அவர் சொல்ல அதில் இடம் இருக்கட்டும். சொன்னால் திருத்துங்கள்.